மேல் வரிசைப் பூக்கள்

வேலை கேட்டு வந்த அன்றே அந்த அக்கா தன் குறைகளை எல்லாம் வரிசையாகச் சொன்னார். மழைக்காலத்தில் முழங்கால் பிடித்துக்கொள்ளும். கனமான பெட்டி தூக்க முடியாது. மதியத் தொழுகைக்குக் கால் மணி நேரம் வேண்டும். கோபம் வந்தால் வாய் நிற்காது, இதற்கு முன்னால் பார்த்த இரண்டு வேலையும் அதனால்தான் போயிற்று. மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு எரிச்சலாக இருந்தது. ஓசூர்ப் பக்கம் பத்து வருடமாக ஆள் எடுத்துக்கொண்டிருந்தவன் நான். செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்கிறவர்களைத்தான் அதுவரை பார்த்திருந்தேன். நல்லதாக ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்றேன். 

"அது சேந்தா உங்களுக்கே தெரியும் சார்" என்றார்.

காதலர் தினத்துக்குப் பூ போகிற பிப்ரவரி சீசனுக்கு முந்தைய மாதம் அது. ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தேன். சேர்த்துக்கொண்டேன்.

எங்கள் பண்ணை பேரிகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாலித்தீன் கூரை போட்ட நீளமான ஷெட்டுகளில் ரோஜா வளர்க்கிறோம். காலையில் வெட்டி, குளிர் அறையில் வைத்து, தரம் பிரித்து, இருபது இருபதாகக் கட்டி, பெட்டியில் அடைத்து பெங்களூர் விமான நிலையத்துக்கு அனுப்புவோம். அங்கிருந்து ஹாலந்து. அனுப்புகிற பிரிவுக்கு நான் மேனேஜர். சேலத்துக்காரன். ஆங்கிலம் நன்றாக வரும், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அக்காவுக்கு மத்திகிரி. மாட்டுப் பண்ணைக்குப் பின்னால் உள்ள வரிசை வீடுகளில் ஒன்று. தமிழ் பேசுகிற முஸ்லிம் குடும்பம். கணவர் இறந்துவிட்டார், ஒரே மகள். தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருவார். எங்கள் பேக்கிங் ஹாலில் இருந்த அறுபது பெண்களில் பாதிப் பேர் பேசுவது கன்னடம், கால்வாசிப் பேர் தெலுங்கு. மூன்று மொழியிலும் அக்கா அக்காதான் என்பதால் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நானும் அக்கா என்பேன். அவர் என்னை சார் என்பார்.

இரண்டே வருடத்தில் பேக்கிங் ஹால் முழுக்க அவர் பொறுப்பில் வந்துவிட்டது. அவர் சொன்னது சரிதான், நல்லது எல்லாம் சேர்ந்த பிறகு எங்களுக்கே தெரிந்தது. ஒரு தண்டைக் கையில் எடுத்தால் அதன் நீளத்தைச் சரியாகச் சொல்வார். மொட்டைத் தொட்டே எத்தனை நாள் தாங்கும் என்பார். ஆனால் முதலாளி பண்ணையைச் சுற்றிப் பார்க்க வந்தால் எல்லோரும் நல்ல பூவைத் தேடி எடுத்து நீட்டும்போது, இவர் மட்டும் இலையில் கரும்புள்ளி விழுந்த தண்டை நீட்டுவார். மூணாவது ஷெட்டு சரியில்லை சார், மருந்து மாத்தணும் என்பார். முதலாளி முகம் சுண்டிப்போகும். நான் பின்னால் நின்று கண்ணால் ஜாடை காட்டுவேன். அவர் அதையும் பார்த்துவிட்டு, "மேனேஜர் சார் என்னாத்துக்கோ கண்ணடிக்கிறாரு" என்பார். அப்போதெல்லாம் அவரை அங்கேயே விட்டுவிட்டு எங்காவது ஓடிவிடலாம் போலிருக்கும்.

மகள் கல்யாணக் கதையை அவரே சொல்லியிருக்கிறார். முதலில் வந்த மாப்பிள்ளை வீட்டார் டீ குடிப்பதற்குள், பொண்ணுக்கு வலது காது கொஞ்சம் மந்தம், காலையில் எட்டு மணிக்கு முன்னால் எழ மாட்டாள், சோறு அடிப்பிடிக்கும் என்று சொல்லி முடித்துவிட்டார். அவர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டாவது வந்தவர்களும் அப்படியே. சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து சண்டை போட்டார்கள். மகள் ஒரு வாரம் பேசவில்லை. மூன்றாவதாகக் கிருஷ்ணகிரியிலிருந்து வந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என் பையன் ராத்திரியில் குறட்டை விடுவான், கையில் காசு தங்காது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள் என்றாராம். குறட்டை விடுகிறவனுக்கு ஒரு காது மந்தமான பெண் பொருத்தம்தானே என்று இருவரும் சிரித்திருக்கிறார்கள். அந்த வாரமே பேசி முடித்தாயிற்று. நானும் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். வாசலில் நின்று வருகிறவர்களை எல்லாம் வரவேற்றுக்கொண்டிருந்த அக்கா என்னிடம், பிரியாணியில் உப்பு ஒரு கல் தூக்கல், தயிர்ப் பச்சடி சேர்த்துச் சாப்பிடுங்கள் என்றார்.

பண்ணைக்கு வருமுன் கெலமங்கலம் சந்தையில் தக்காளி விற்றவர் அவர். அந்தக் கதையைச் சொன்னது எங்கள் ஹாலில் வேலை செய்த மஞ்சுளா. சந்தையில் எல்லோரும் உருண்டையான, சிவந்த தக்காளிகளை மேலே அடுக்கி, நசுங்கியதை அடியில் தள்ளுவார்கள். அக்காவின் குவியலில் வெடித்ததும் சொத்தையும் உச்சியில் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு தாண்டிப் போய்விடுவார்கள். தெரிந்தவர்கள் குனிந்துகூடப் பார்க்காமல் பையை நீட்டுவார்கள். கடைசித் தக்காளி வரை விற்றுவிட்டு முதல் ஆளாகக் கிளம்புவது அவர்தானாம். கேட்டுவிட்டுச் சிரித்தேன். அந்தக் கதையில் எனக்கு ஒரு பாடம் இருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அக்கா சொல்வது தன் கூடையின் குறையை மட்டும்தான். அடுத்தவர் கூடையில் கை விடமாட்டார். ஹாலில் ஒருத்தி இன்னொருத்தியைப் பற்றிக் கோள் சொல்ல வந்தால், "உன் கட்டுல என்னா கொறைன்னு சொல்லு, அவ கட்டை அவ சொல்லுவா" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

இனி ஹாலந்துக்கு வருகிறேன். எங்கள் பூவை அங்கே வாங்கும் நிறுவனத்தில் தரம் பார்க்கும் அதிகாரி இனேகா என்ற பெண்மணி. ஐந்து வருடமாக ஒவ்வொரு சீசன் முடிவிலும் அவரிடமிருந்து ஒரே புகார் வரும். உங்கள் கட்டுகளில் மேல் வரிசைப் பூ மோசமாக இருக்கிறது, அதனால் இரண்டாம் தரத்தில்தான் சேர்க்க முடிகிறது என்று. ஒவ்வொரு முறையும் நான்தான் பதில் எழுதுவேன். விமானம் தாமதம், விமான நிலையத்தில் வெயிலில் வைத்துவிட்டார்கள், பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அழகான ஆங்கிலத்தில் எழுதுவேன். உண்மை என்ன என்று எழுந்து போய்ப் பார்க்க என் அறையிலிருந்து பேக்கிங் ஹாலுக்கு நாற்பது அடிதான்.

ஆறாவது வருடம் இனேகா நேரடியாக முதலாளிக்கு எழுதிவிட்டார். தரம் போதவில்லை, இந்த முறை கடிதம் எழுதுகிறவர் மட்டும் வந்தால் போதாது, பூவைக் கட்டுகிறவர் வரட்டும், என் எதிரில் பெட்டியைப் பிரிக்கலாம், அதன் பிறகுதான் அடுத்த சீசன் ஆர்டர் என்று. முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். ஹாலந்து ஆர்டர் போனால் ஷெட்டுகளைப் பிரித்துவிடுவேன், ஒரு கம்பெனி குடோனுக்கு இடம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பேன். அவர் சும்மா மிரட்டுகிறவர் இல்லை. அறுபது பெண்களின் வேலை எங்கள் பயணத்தில் இருந்தது.

பெங்களூர் விசா அலுவலகத்தில், எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்ட பெண்ணிடம் அக்கா கன்னடத்தில், "எங்க பூ மோசமாம், பாக்கப் போறேன்" என்றார். தனக்கு ரத்த அழுத்தம் இருப்பதையும் மாத்திரை சாப்பிடுவதையும் கேட்காமலே சொன்னார். நான் ஒரு மாதம் முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன். விசா வந்துவிட்டது.

மே மாதம் போய் இறங்கினோம். எனக்கும் ஐரோப்பா அதுதான் முதல் தடவை. நான் குளிரைப் பார்த்தேன், கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்தேன், எல்லாவற்றையும் போட்டோ எடுத்தேன். அக்கா ரயில் ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு வெகுநேரம் எதையோ தேடினார். என்னவென்று கேட்டேன். "ஒரு பாறை கூட இல்லியே சார். கல்லே இல்லாத ஊரா இது" என்றார். நம் பக்கம் எந்த மூலையில் நின்றாலும் கண்ணுக்கு ஒரு குன்றாவது தட்டுப்படும். அங்கே தரை இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி கிடந்தது. வாய்க்காலில் தண்ணீர் பக்கத்து வயலைவிட உயரத்தில் நின்றது. இது எப்படி வழியாமல் நிற்கிறது என்று அவர் கேட்டார், எனக்குத் தெரியவில்லை. கறுப்பும் வெள்ளையுமான மாடுகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. மத்திகிரிப் பண்ணையில் சின்ன வயதிலிருந்து பார்த்த மாடு, இதன் தாய் வீடு இதுதானா என்று கேட்டு, அதுகளைப் பார்த்துக் கை ஆட்டினார்.

ரயில் நிலையத்துக்கு வந்திருந்த இனேகா என் கையைக் குலுக்கி, வீடியோவில் பார்த்ததைவிடக் குண்டாக இருக்கிறீர்கள் என்றார். காரில் ஏறியதும், எங்களுக்குப் பூ அனுப்பும் பண்ணைகளில் உங்களுடையது கடைசிக்கு முந்தின இடம், இதை இந்த வாரம் தீர்க்கவில்லை என்றால் நிறுத்திவிடுவோம் என்றார். குரலில் கோபம் இல்லை. மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீடு தேடி வந்தவர்களிடம் ஒரு வாய்த் தண்ணீர் கொடுப்பதற்கு முன் பேசுகிற பேச்சா இது? அக்கா என் முழங்கையைப் பிடித்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார். நான் கொஞ்சம் மழுப்பித்தான் சொன்னேன். ஆனாலும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க பாருங்க. நல்ல பொம்பளை" என்றார்.

மூன்று நாளும் இப்படித்தான் போயிற்று. எனக்கு முரட்டுத்தனமாகத் தெரிந்தது எல்லாம் அவருக்குச் சொந்த ஊர் மாதிரி இருந்தது. தெருவோர வீடுகளின் பெரிய கண்ணாடி ஜன்னல்களுக்குத் திரை இல்லை. உள்ளே மேஜை, விளக்கு, சாப்பிடும் மனிதர்கள், துவைக்காமல் குவித்து வைத்த துணி எல்லாம் வெளியே தெரிந்தது. நான் தலையைத் திருப்பிக்கொள்வேன். அக்கா நின்று நிதானமாகப் பார்ப்பார். துணிக் குவியலைக்கூட மறைக்கவில்லை பாருங்கள் என்று மெச்சுவார். நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மாள், குளியலறை வெந்நீர் ஐந்து நிமிடம்தான் வரும், மாடிப்படி மூன்றாவது பலகை ஆடும் என்று சாவி கொடுக்கும்போதே சொன்னார். நான் அதை மொழிபெயர்த்ததும் அக்கா அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வீட்டுக் கழிப்பறைச் சுவரில் ஒரு காலண்டர், அதில் சொந்தக்காரர்களின் பிறந்தநாள் எல்லாம் பெயரோடு எழுதியிருந்தது. அது ஒன்றைத்தான் அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மனுஷங்க பேரைப் போய் அங்கே மாட்டுவாங்களா என்று மூன்று நாளும் புலம்பினார்.

சூரியன் மறையவே மாட்டேன் என்றது. மாலைத் தொழுகைக்காக அவர் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இவ்ளோ வெளிச்சத்தை வெச்சிகினு என்னா பண்ணுவாங்க என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் நடந்து போகும்போது ஒரு பண்ணை வாசலில் மேஜை போட்டு முட்டை வைத்திருந்தார்கள். ஆள் இல்லை. எடுத்துக்கொண்டு டப்பாவில் காசு போட வேண்டும். இதை நான் யூடியூபில் பார்த்திருந்தேன், என்ன நாணயமான நாடு என்று விளக்கினேன். அக்கா மேஜையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். முட்டை அட்டைகளைத் திறந்து திறந்து மூடினார். எடுங்கள், காலையில் அவித்துச் சாப்பிடலாம் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார்.

"ஆளே இல்லியே சார். முட்டையில என்னா கொறை இருக்குதுன்னு யாரு சொல்லுவாங்க?"

மறுநாள் காலை தரம் பார்க்கும் இடத்துக்குப் போனோம். குளிரான பெரிய கூடம். எங்கள் பண்ணையிலிருந்து அந்த வாரம் வந்த பத்துப் பெட்டிகளையும் நீள மேஜையில் வைத்திருந்தார்கள். இனேகா ஒரு கட்டை எடுத்தார். காகிதச் சுற்றலுக்கு மேலே தெரிகிற வரிசையைப் பார்த்தார், மதிப்பெண் எழுதினார், கீழே வைத்தார். அடுத்த கட்டு. அடுத்தது. எல்லாவற்றுக்கும் குறைந்த மதிப்பெண்.  மேல் வரிசையில் ஒவ்வொரு கட்டிலும் ஒரு சின்ன மொட்டு, ஒரு வளைந்த கழுத்து, ஓரம் கறுத்த இதழ். விற்கக்கூடாத பூ இல்லை, ஆனால் பார்க்க நன்றாகவும் இல்லை. நான் விமான நிலையத்து வெயிலைப் பற்றி ஆரம்பித்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இந்தம்மா ஏன் மேல மட்டும் பாக்கறாங்க?"

கேட்டேன். உலகத்தில் எல்லாப் பண்ணையும் நல்ல பூவைத்தான் மேலே வைப்பார்கள், மேலேயே இப்படி இருந்தால் உள்ளே இருப்பது இன்னும் மோசம் என்றுதானே அர்த்தம் என்றார் இனேகா. நான் தமிழில் சொன்னேன்.  கெலமங்கலம் சந்தைத் தக்காளி என் கண் முன்னால் வந்துவிட்டது.

அக்கா ஒரு கட்டை எடுத்துக் காகிதத்தைப் பிரித்து, இருபது தண்டையும் மேஜையில் பரப்பினார். மேலே இருந்த நான்கைந்தைத் தள்ளிவிட்டால் மீதி எல்லாம் கைப்பிடி அளவு மொட்டு, நேரான தண்டு. அடுத்த கட்டும் அப்படியே. இனேகா தானே ஒரு பெட்டியைப் பிரித்தார். பிறகு யாரையோ கூப்பிட்டார். நான்கைந்து பேர் மேஜையைச் சுற்றி நின்று எங்கள் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இனேகா பேனாவை வைத்துவிட்டு, ஏன் இப்படி என்று அக்காவையே பார்த்துக் கேட்டார்.

"வாங்கறவங்க கண்ணுல மோசமானதுதான் மொதல்ல படணும்மா. அதைப் பாத்தும் சரின்னு எடுத்தாங்கன்னா, வூட்டுக்குப் போயி பிரிக்கறப்போ மனசு நோவாது. உள்ளாற நல்லதாத்தானே இருக்கும்" என்றார் அக்கா. என்னைப் பார்த்து, "இதை மாத்தாம சொல்லுங்க சார்" என்றார்.

மாற்றாமல் சொன்னேன். இனேகா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வேகமாக உள்ளே போய் கடிதக் கோப்பு ஒன்றை எடுத்து வந்து என் எதிரில் வைத்தார். ஐந்து வருடமாக மேல் வரிசை, மேல் வரிசை என்று எழுதிக்கொண்டே இருக்கிறேன், ஒரு முறையாவது இவரிடம் கேட்டிருந்தால் முதல் வருடமே புரிந்திருக்குமே, நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றார். இதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் கோப்பு திறந்திருந்தது. அக்காவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. என் கையெழுத்து நன்றாகத் தெரியும், அவருடைய லீவுச் சீட்டில் எல்லாம் போடுகிற கையெழுத்து அது. ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். தாள் ஒவ்வொன்றின் அடியிலும் நான் இருந்தேன்.

மாலையில் வாய்க்கால் ஓரமாக நடந்தோம். அவர் கேட்டார், நான் சொன்னேன். ஐந்து வருடமாகப் புகார் வருகிறது, நான் விமானத்தைச் சொல்லிச் சமாளித்துவிட்டேன், முதலாளியிடமும் மேல் வரிசை என்று சொல்லாமல் விமானத்தையே சொன்னேன், உங்களிடம் சொல்லவே இல்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். கோபம் வந்தால் வாய் நிற்காது என்று அவரே சொன்னதுதானே. அவர் திட்டவில்லை.

"நம்ம சந்தையில என்னை எல்லாருக்கும் தெரியும். இங்க என்னை யாருக்குத் தெரியும்? அது எனக்குத் தோணலியே, அது என் தப்புதான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா ஒரே நாள்ல மாத்தியிருப்பேன் சார்."

அவ்வளவுதான் சொன்னார். தன் பங்கை முதலில் வைத்துவிட்டுத்தான் என் பங்குக்கு வந்தார் என்பது எனக்கு அறைக்குப் போன பிறகுதான் உறைத்தது.

இனேகா ஒரு சீசனுக்கு ஆர்டர் கொடுத்தார். மேலே நல்லது என்றோ கெட்டது என்றோ அடுக்காமல், கையில் வருகிறபடி கலந்து கட்டுவதென்று அக்காவும் அவரும் மேஜை அருகே நின்றே பேசி முடிவு செய்தார்கள். நடுவில் நான் வெறும் குழாய் மாதிரி நின்றேன். கிளம்பும்போது இனேகா அக்காவைக் கட்டிக்கொண்டார். எனக்குக் கை கொடுத்தார்.

ஊர் திரும்பிய மறுநாள் முதலாளி இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். அறுபது பேர் வேலையும் தப்பியது. ஆனால் ஐந்து வருடம் முதல் தரப் பூவை இரண்டாம் தரத்துக்கு விற்றிருக்கிறோம் என்ற விஷயம் அவரைக் கொதிக்க வைத்திருந்தது. யார் தப்பு இது என்று கேட்டார்.

"மேல வெச்சது நான்தான் சார். பொண்ணுங்களுக்கு அப்பிடிச் சொல்லிக் குடுத்ததும் நான்தான்" என்றார் அக்கா.

முதலாளி என் பக்கம் திரும்பினார். இவ்வளவு நாளும் மேல் வரிசை சரியில்லை என்று அவர்கள் ஒரு தடவைகூட எழுதவில்லையா என்று கேட்டார்.

அக்காவும் என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை, கெஞ்சல் இல்லை. சொல்லப்போகிறேன் என்று முழுக்க நம்பி, அமைதியாகக் காத்திருந்தார். அவரைப் பொறுத்தவரை அடுத்து நடக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எனக்கு அப்போது வீட்டுக் கடன் நினைவுக்கு வந்தது, பையனின் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது, மேனேஜர் என்று கதவில் எழுதியிருந்த என் அறை நினைவுக்கு வந்தது.

"இல்லைங்க சார். இப்பத்தான் எனக்கே தெரிஞ்சது" என்றேன்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். பொய் சொன்னவன் நான், வெட்கப்பட்டவர் அவர். முதலாளி அவரைப் பேக்கிங் ஹாலிலிருந்து எடுத்து ஷெட்டில் பூ வெட்டும் வேலைக்குப் போகச் சொன்னார். அவர் கிளம்பினார். வெளியே வந்ததும் பின்னாலேயே ஓடினேன். ஏன் அக்கா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று கேட்டேன். அப்படிக் கேட்பதற்கும் ஒரு வெட்கங்கெட்டதனம் வேண்டும், அது என்னிடம் இருந்தது.

"அது உங்க கட்டு சார். நீங்கதான் பிரிக்கணும்" என்றார்.

ஒன்றரை வருடம் ஷெட்டில் இருந்தார். பாலித்தீன் கூரைக்குக் கீழே பத்து மணிக்கே உடம்பு வெந்துபோகும். முழங்கால் வலியோடு வரிசை வரிசையாக நடந்து பூ வெட்டினார். வழியில் பார்த்தால் எப்போதும் போல, இன்னிக்கு ரெண்டாவது ஷெட்டுல பூச்சி இருக்குது சார் என்பார். என் மீது அவருக்குக் கோபம் இருந்திருந்தால் நான் இன்னும் நன்றாகத் தூங்கியிருப்பேன். எங்கள் பூவுக்கு அந்த வருடமே முதல் தரம் கிடைத்தது. என்னை முதலாளி ஜெனரல் மேனேஜர் ஆக்கினார். அக்கா கால் முடியாமல் வேலையை விட்டு, கிருஷ்ணகிரிக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு என்னிடமும் வந்து சொல்லிவிட்டுப் போனார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க எழுந்தேன், அதற்குள் போன் வந்துவிட்டது, எடுத்துப் பேசினேன்.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று உட்கார்ந்து, கல்யாணம், தக்காளி, முட்டை என்று இனிப்பானதை எல்லாம் முன்னால் எழுதிவிட்டேன். பழக்கம் விடவில்லை.

முதலாளிக்கு இந்த விஷயம் இன்று வரை தெரியாது. அவர் செய்தித்தாள் தவிர வேறெதுவும் படிக்கிறவர் இல்லை, தானாக அவர் கண்ணில் படப்போவதும் இல்லை. ஆகவே இதை எழுதி முடித்ததும் தாள்களை எடுத்துக்கொண்டு நானே அவர் அறைக்குப் போகப் போகிறேன். ஆர அமர முழுதும் படிக்கிற பொறுமை அவருக்குக் கிடையாது. கடைசித் தாளை மேலே வைத்துக் கொடுக்க வேண்டும்.